மாஸ்டர்... உங்க தொப்பையைக் கொஞ்சம் கவனிங்க!

சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல் எந்த ஊர் பள்ளிக்கூட மைதானத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். ஒரு மூலையில் வெள்ளை உடுப்பு போட்ட பிள்ளைகள் "ஹா... ஹூ..." என்று காற்றைக் குத்திக்கொண்டிருப்பார்கள். இன்னொரு மூலையில் சர் சர்ரென்று கம்பு சுழலும். காம்பவுண்டு சுவரோரம் அம்மாக்கள் தண்ணி பாட்டிலும் பிஸ்கெட் பாக்கெட்டுமாகக் காத்திருப்பார்கள்.

இப்போது சிலம்பத்துக்கு நல்ல காலம். 2021ல் தமிழக அரசு, விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத வேலை ஒதுக்கீட்டில் சிலம்பத்தையும் சேர்த்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம் பிடித்தது. கராத்தே, டேக்வாண்டோ வகுப்புகளுக்குக் கேட்கவே வேண்டாம்.

பிள்ளையைச் சேர்க்கும்போது நாம் என்னவெல்லாம் விசாரிக்கிறோம்? மாசம் எவ்வளவு ஃபீஸ், எத்தனை வருஷத்தில் பிளாக் பெல்ட், சர்டிபிகேட் செல்லுமா... எல்லாம் கேட்போம். ஒன்றை மட்டும் கேட்க மாட்டோம். 'மாஸ்டர்... நீங்க தினமும் பயிற்சி பண்றீங்களா?'

என்ன, சிரிக்கிறீர்களா? சிரிக்கிற விஷயமில்லை. உங்கள் பிள்ளையின் முழங்காலும் அந்த மாஸ்டரின் இதயமும் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

சொல்லிக் கொடுப்பது வேறு, பயிற்சி வேறு!

என்னிடம் வைத்தியத்துக்கு வருகிறவர்களில் சிலம்ப ஆசான்கள், கராத்தே மாஸ்டர்கள் கணிசம். காரணம் இருக்கிறது. அடிதடிக் கலையும் சித்த மருத்துவத்தின் வர்ம வைத்தியமும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள். தென் மாவட்டங்களில், குறிப்பாகக் கன்னியாகுமரிப் பக்கம், கம்பு சொல்லிக் கொடுக்கிற ஆசானே அடிபட்டால் தடவி எடுக்கிற வைத்தியராகவும் இருப்பார். படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று 108 வர்மங்களைக் கணக்குச் சொல்வார்கள். அடிக்கத் தெரிந்தவனுக்கு ஆற்றவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அந்தக் காலத்து ஏற்பாடு.

இப்படி வந்தவர்களில் ஒருவர். வயசு 48. இருபத்தஞ்சு வருஷமாகச் சிலம்பம், குத்துவரிசை கற்றுத் தருகிறவர். இரண்டு முழங்காலிலும் வலி. கூட அவர் மனைவியும் வந்திருந்தார்.

"டாக்டர், காலையில நாலரைக்கு எழுந்து மைதானத்துக்குப் போறவரு, ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் வீடு திரும்புறாரு. நாள் பூரா உடற்பயிற்சிதான். இவருக்கு எப்படி டாக்டர் உடம்பு கெடும்?" என்று கேட்டார் அந்த அம்மா.

நியாயமான கேள்வி. ஒரு நாள் முழுக்க என்ன செய்கிறார் என்று அவரையே சொல்லச் சொன்னேன்.

காலை அஞ்சரைக்கு வகுப்பு. கையைக் கட்டிக்கொண்டு நின்று எண்ணிக்கை சொல்வார். ஏழரைக்கு டீக்கடையில் இரண்டு போண்டா, ஒரு டீ. பத்து மணிக்கு ஒரு பள்ளிக்கூடம், மத்தியானம் இன்னொன்று. நடுவில் பைக் பயணம். சாயங்காலம் வகுப்புக்கு முன் பஜ்ஜி, டீ. ராத்திரி பத்து மணிக்கு பரோட்டா, சால்னா.

"இதில் நீங்கள் உங்களுக்காகக் கம்பு சுற்றுவது எப்போது?" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "பசங்க தப்பாப் பண்ணினா ஒரு தடவை சுத்திக் காட்டுவேன் டாக்டர்..."

அந்த அம்மாவுக்குப் பதில் கிடைத்துவிட்டது. நாள் முழுக்க மைதானத்தில் இருந்தார், ஆனால் உடம்பு வேலை செய்யவில்லை. வேலை செய்ததெல்லாம் தொண்டைதான்! இளம் வயதில் தினம் மூன்று மணி நேரம் ஆடியபோது சாப்பிட்ட அதே சாப்பாடு; ஆட்டம் மட்டும் நின்றுபோனது. உயரம் 168 சென்டிமீட்டர், எடை 92 கிலோ, இடுப்புச் சுற்று 106 சென்டிமீட்டர், ரத்த அழுத்தம் 150க்கு 96. சர்க்கரை? பார்த்ததே இல்லையாம். "எனக்கெல்லாம் எதுக்கு டாக்டர் சர்க்கரை வரப்போவுது?"

வரும். இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக 2023ல் வெளியான மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு சொல்கிறது. கம்பு பிடித்த கையா, பேனா பிடித்த கையா என்று அது பார்ப்பதில்லை. இவருக்கும் வெறும் வயிற்றில் 168 இருந்தது.

உடம்பு வட்டிக்கடை அல்ல

இளமையில் சம்பாதித்த உடற்கட்டை டெபாசிட் போட்டுவிட்டு ஆயுசு முழுக்க வட்டி வாங்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். உடம்பு அப்படிப்பட்ட கடை அல்ல. போட்டதை நிறுத்தினால் இருக்கிற முதலும் கரையும்.

முப்பது வயதுக்கு மேல், கவனிக்காமல் விட்டால், பத்து வருஷத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. உடம்பு பிராணவாயுவை எடுத்துப் பயன்படுத்தும் திறனும் பத்து வருஷத்துக்குச் சுமார் 10 சதவீதம் இறங்குகிறது. விடாமல் பயிற்சி செய்கிறவர்களுக்கு இந்த இறக்கம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. வயசைத் தடுக்க முடியாது. அது வரும் வேகத்தைக் குறைக்கலாம்.

மூட்டுக் கணக்கு இன்னும் சுவாரசியம். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் சுமை நாலு கிலோ அளவுக்குக் குறைகிறது. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பத்து கிலோ கூடினால் ஒவ்வொரு அடிக்கும் 40 கிலோ கூடுதல். கம்பு வரிசையில் காலடி மாற்றி, தாழ்ந்து, திரும்பி, குதிக்கும்போது அந்த மூட்டு என்ன பாடுபடும்!

சித்த மருத்துவத்தில் மூட்டு வலியை வாதத்தோடு சேர்த்துப் பேசுவோம். வேளை தவறிய உணவு, ராத்திரிக் கண்விழிப்பு, ஓயாத அலைச்சல், அளவு மீறிய உழைப்பு எல்லாமே வாதத்தைக் கிளப்பும். உழைப்பே இல்லாத உடம்பில் ஐயம் சேர்ந்து மந்தமாகும். நம் மாஸ்டர்களுக்கு இரண்டும் கலந்து வருகிறது. அலைச்சல் நிறைய... உழைப்பு குறைவு!

'சும்மா ஒரு தடவை காட்டறேன்'

வகுப்பு அரை மணி நேரம் ஓடியிருக்கும். பிள்ளைகள் வியர்த்து, உடம்பு சூடேறித் தயாராக இருப்பார்கள். மாஸ்டர் மட்டும் நின்ற இடத்தில் நின்றிருப்பார். ஒரு பையன் உதையைத் தப்பாகப் போடுவான். "டேய், அப்படி இல்லடா, இங்க பாரு!" என்று மாஸ்டர் குளிர்ந்த உடம்போடு தலை உயரத்துக்கு ஒரு உதை விடுவார்.

பல காயங்களின் பிறப்பிடம் இந்த ஒரு நிமிஷம்தான். தொடையின் பின்பக்கத் தசை கிழியும். இடுப்பு பிடித்துக்கொள்ளும். குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த நாண் அறுந்தே போகலாம். இது 30லிருந்து 50 வயதுக்குள் இருக்கும் ஆண்களுக்கு அதிகம் வருகிறது. 'யாரோ பின்னாலிருந்து காலில் உதைத்தது போல இருந்தது, திரும்பிப் பார்த்தால் யாருமில்லை' என்பார்கள். அப்படியானால் எண்ணெய் போட்டு நீவிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும்.

மாதச் சம்பளக்காரருக்குக் கால் உடைந்தால் லீவு உண்டு. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் வகுப்பெடுக்கும் மாஸ்டருக்கு? மூன்று மாசம் படுத்தால் மூன்று மாச வருமானம் போச்சு. திரும்பி வரும்போது பாதிப் பிள்ளைகள் வேறு வகுப்பில் இருப்பார்கள். அவருக்கு உடம்புதான் கடை, உடம்புதான் சரக்கு.

பிள்ளைகளுக்கு என்ன நஷ்டம்?

பிள்ளைகள் காதால் கற்பதைவிடக் கண்ணால் கற்பதே அதிகம். மாஸ்டருக்கு முழங்கால் வலி என்று வைத்துக்கொள்ளுங்கள். தாழ்ந்து நிற்கும் நிலையைக் காட்டும்போது அவர் முழங்காலை மடக்காமல் முதுகை வளைப்பார். பார்த்துக்கொண்டிருக்கும் நாற்பது பிள்ளைகளும் முதுகை வளைப்பார்கள்! "முட்டியை மடக்கு" என்று அவர் வாய் சொல்லும். ஆனால் பிள்ளைகள் கண் சொல்வதைத்தான் செய்வார்கள். வளரும் பிள்ளைகளுக்குத் தப்பான நிலை பழகிவிட்டால் பிறகு திருத்துவது கஷ்டம்.

அடுத்தது பாதுகாப்பு. பிள்ளைகள் ஜோடியாக நின்று கம்பு மோதும்போது, ஒருவன் கை தவறினால் நடுவில் புகுந்து தடுக்கிறவர் மாஸ்டர்தான். தலைகீழாகக் கரணம் போடும் பிள்ளையின் கழுத்து மடங்காமல் தாங்குவதும் அவர் கைதான். கண் பார்த்ததும் கால் நகர வேண்டும். மூச்சு வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

மூன்றாவது, மரியாதை. "வேர்க்க வேர்க்க ஓடுங்கடா" என்று சொல்கிறவர் தானும் இரண்டு சுற்று ஓடினால் பிள்ளைகள் மூன்று சுற்று ஓடுவார்கள். ஊருக்குத்தான் உபதேசம் என்றால் பத்து வயசுப் பையன்கூடக் கண்டுபிடித்துவிடுவான்.

வயசானால் சொல்லித் தரக் கூடாதா?

"எங்க பெரிய ஆசான் திண்ணையில் உட்கார்ந்தபடியேதான் சொல்லிக் கொடுத்தார், அவருக்கு என்ன குறை?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு குறையும் இல்லை. எண்பது வயசு ஆசான் இருபது வயசுக்காரன் மாதிரி குதிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. காயத்தால் ஒரு கால் மடங்காதவர் சொல்லித் தரக் கூடாது என்றும் சொல்லவில்லை. மூத்த சீடனைக் காட்டச் சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்று திருத்தும் கண் ஒரு பெரிய செல்வம். அந்தந்த வயசுக்கு ஏற்ற உடல் தகுதி வேண்டும் என்பதுதான் பேச்சு. முதுமை வேறு, அலட்சியம் வேறு.

கேரளத்து வடகரை மீனாட்சி அம்மாவைப் பாருங்கள். ஏழு வயசில் களரிக்குள் கால் வைத்தவர். 2017ல் பத்மஸ்ரீ விருது வாங்கியபோது எழுபது தாண்டிவிட்டது. அப்போதும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாளும் கேடயமுமாகச் சீடர்களோடு நேருக்கு நேர் நின்றார். களரியில் ஆயுதத்துக்கு முன்னால் மெய்ப்பயிற்சி. உடம்பைப் பழக்கிய பிறகுதான் கம்பே கைக்கு வரும். எண்ணெய் தேய்த்து உழிச்சல் செய்வதும் அந்தக் கலையின் ஒரு பகுதி. உடம்பைப் பேணுவதையும் பாடத்திலேயே சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

நெஞ்சு வலியை வர்ம அடி என்று நினைக்காதீர்கள்!

ரொம்ப முக்கியமான விஷயம். மாஸ்டர்கள் வீட்டில் இருப்பவர்கள் இதை இரண்டு தடவை படியுங்கள்.

அடிபட்டுப் பழகிய உடம்புக்காரர்கள் எந்த வலி வந்தாலும் அடியின் மேல் பழியைப் போடுவார்கள். நெஞ்சில் இறுக்கமாக இருந்தால், "முந்தா நாள் பையன் கம்பு பட்டுச்சு, அந்த வலிதான்" என்பார்கள். இல்லாவிட்டால் "பழைய வர்ம அடி, அமாவாசைக்கு அமாவாசை வரும்" என்பார்கள். அதுவும் இல்லாவிட்டால் இருக்கவே இருக்கிறது வாயு! ஓமத் தண்ணி குடித்துவிட்டு, தைலத்தைத் தடவிக்கொண்டு படுத்துவிடுவார்கள்.

நடு நெஞ்சில் பாரம் வைத்து அழுத்துவது போன்ற வலி, அது இடது கை, தாடை, முதுகு என்று பரவுவது, சில்லென்று வியர்ப்பது, மூச்சு முட்டுவது... இவை மாரடைப்பின் அடையாளங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலி அதிகம் தெரியாமல் வெறும் களைப்பும் வியர்வையுமாகக்கூட வரலாம். சித்த மருத்துவனான நானே சொல்கிறேன், அந்த நேரத்தில் தைலமும் வேண்டாம், தடவலும் வேண்டாம். 108க்குப் போன் போட்டு, இதய சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒவ்வொரு நிமிஷமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும்.

நாற்பது தாண்டிய மாஸ்டர்கள் வருஷத்துக்கு ஒரு முறை ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, ஈசிஜி பார்த்துக்கொள்ள வேண்டும். பல வருஷம் விட்டுப்போன பயிற்சியை மறுபடி தொடங்குகிறவர்கள், பரிசோதனை முடிந்த பிறகுதான் தொடங்க வேண்டும்.

தினமும் நாற்பது நிமிஷம் உங்களுக்கு!

மேலே சொன்ன 48 வயசுக்காரருக்கும் முதலில் ஈசிஜி எடுக்கச் சொன்னேன். பொது மருத்துவரிடம் அனுப்பி சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் மருந்து தொடங்கினோம். பிறகு சொன்னது இவ்வளவுதான்: "முதல் வகுப்புக்கு முன்னால் நாற்பது நிமிஷம் உங்களுக்கு. அந்த நேரத்தில் நீங்கள் ஆசான் இல்லை, மாணவன்."

முதல் பத்து நிமிஷம் வேகமான நடை. கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால், கணுக்கால் எல்லாவற்றையும் மெதுவாக அசைத்துச் சூடேற்றுவது.

அடுத்த இருபது நிமிஷம் காலடி வரிசையும் கம்பு வீச்சும். மூச்சு வாங்கலாம், ஆனால் வார்த்தை பேச முடிய வேண்டும். பேச்சே வரவில்லை என்றால் வேகம் அதிகம்.

கடைசிப் பத்து நிமிஷம் நீட்டி மடக்கும் பயிற்சி, மூச்சுப் பயிற்சி. வாரத்தில் இரண்டு நாள் இதோடு தண்டால், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது போன்ற வலுப் பயிற்சிகள். முட்டி வலி இருப்பவர்கள் ஆழமாக உட்காரும் பயிற்சியைத் தள்ளிப் போடுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் கணக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான பயிற்சி. தினம் நாற்பது நிமிஷம் என்றால் 280 ஆகிவிட்டது!

சாப்பாட்டில் போண்டா, பஜ்ஜி போய் சுண்டல், வேகவைத்த முட்டை, மோர் வந்தது. காலையில் காய்கறி போட்ட கேழ்வரகு அடை. ராத்திரிச் சாப்பாடு வகுப்புகளுக்கு நடுவில் எட்டு மணிக்குள். பிரண்டைத் துவையலும் முருங்கைக் கீரையும் வாரத்தில் இரண்டு மூன்று நாள். புதன், சனி எண்ணெய் முழுக்கு. முழங்காலுக்கு வெளிப்பூச்சாகத் தைலமும் ஒற்றடமும் கொடுத்தோம்.

ஆறு மாசத்தில் எடை 84 கிலோவுக்கு வந்தது. மூட்டுக் கணக்குப்படி ஒவ்வொரு அடிக்கும் 32 கிலோ இறங்கியிருக்கிறது! வலி முழுசாகப் போகவில்லை. ஆனால் மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைத் தேடுவதில்லை. அந்த அம்மா சொன்னது வேறு: "இப்பல்லாம் பசங்களத் திட்டுறது குறைஞ்சிருக்கு டாக்டர். கூடச் சேர்ந்து இவரும் ஆடுறாரு, கத்த நேரமில்ல!"

சில எச்சரிக்கைகள்

சுளுக்கோ அடியோ பட்டவுடன் அழுத்தித் தேய்க்காதீர்கள். முதல் இரண்டு நாள் ஓய்வும், துணியில் சுற்றிய ஐஸ் ஒற்றடமும் போதும். வீக்கம் வடிந்த பிறகுதான் தைலம், தொக்கணம் எல்லாம். ஊன்றி நிற்கவே முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

'உடம்பு முறுக்கேறும்' என்று அமுக்கரா சூரணத்தை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். தைராய்டுக்கோ சர்க்கரைக்கோ மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். கத்திக் கத்தித் தொண்டை கட்டினால் அதிமதுரத் துண்டை வாயில் அடக்குவது நல்லதுதான். ஆனால் ரத்த அழுத்தம் இருப்பவர்கள் அதைத் தொடர்ந்து சாப்பிடக் கூடாது, அழுத்தத்தை ஏற்றிவிடும். அதைவிட ஒரு விசில் வாங்கிக்கொள்வது மேல்!

நீங்களே சோதித்துப் பாருங்கள்

* ஒற்றைக் காலில் பத்து நொடி ஆடாமல் நிற்க முடிகிறதா? (பக்கத்தில் சுவர் இருக்கட்டும்.)

* தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழ முடிகிறதா?

* இரண்டு மாடி ஏறிய பிறகு நின்று இளைப்பாறாமல் பேச முடிகிறதா?

* தொப்புள் மட்டத்தில் டேப் வைத்தால் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80க்குள் இருக்கிறதா?

நாலுக்கும் 'ஆமாம்' என்றால் சபாஷ்! இரண்டுக்கு 'இல்லை' என்றால் நாளைக்கே நாற்பது நிமிஷத்தைத் தொடங்கும் வழியைப் பாருங்கள். மூன்றாவது கேள்விக்கு மட்டும் 'இல்லை' என்றாலும் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மாஸ்டரின் தொப்பையைப் பார்த்துவிட்டு உடனே பிள்ளையை வகுப்பிலிருந்து நிறுத்திவிடாதீர்கள். நம் பிள்ளைகளுக்காக வேளைக்குச் சாப்பிடாமல் ஊர் ஊராக அலைகிற மனுஷர் அவர். வகுப்பு முடிந்ததும் போண்டாவுக்குப் பதில் ஒரு டம்ளர் மோரோ, ஒரு கிண்ணம் சுண்டலோ நீட்டுங்கள். "மாஸ்டர், நீங்களும் பசங்களோட ஒரு ரவுண்டு ஓடுங்களேன், பார்க்க ஆசையா இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்.

மாஸ்டர்களே, உங்களுக்கும் ஒன்று. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பீரோவிலிருந்து அந்த பிளாக் பெல்ட்டை எடுத்துக் கட்டிப் பாருங்கள். வாங்கிய அன்றைக்குத் தொங்கிய முனை இன்றைக்கு எவ்வளவு தொங்குகிறது என்று பாருங்கள். மீதியை அதுவே சொல்லிவிடும்!